கோப்பியின் கழுத்தில் மாமாவின் பெல்ட்

எங்கள் குடும்பத்தில், வாசலில் பெயர் எழுதிய வீட்டில் முதன்முதலாகக் குடியிருந்தது ஒரு நாய்தான். பெயரை எழுதியவள் நான். கடையிலிருந்து வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பக்கத்தைப் பெயர்த்தெடுத்து, அதன் நெற்றியில் சாக்கட்டியால் ‘கோப்பி’ என்று எழுதினேன். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அப்பா, அம்மா, மாமா மூவரும் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். மூவருக்கும் எழுத்து தெரியாது. “சரியாத்தான் இருக்கும்,” என்றார் அப்பா. இன்று ஆசிரியர் பயிற்சி முடித்து, கரும்பலகையில் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் அன்று அந்த நாய்ப்பெட்டிக்கு முன்னால் கிடைத்த மரியாதை இன்னும் எந்த வகுப்பறையிலும் கிடைக்கவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று பெரியவர்கள் பேசத் தொடங்கியிருந்த காலம். மலாக்காவில், காஜா பெராங் கம்போங் செட்டியில், ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்காரம்மா இருந்தார், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். கோயிலில் கற்பூரம் காட்டும்போது மட்டும் இரண்டொரு தமிழ்ச் சொல் வரும். நாங்கள் அவரைப் பீபி என்று கூப்பிடுவோம். அவர் வீட்டு நாய் போட்ட குட்டிதான் கோப்பி. பால் விடாத கோப்பியின் நிறம். பீபியின் வீட்டில் பிறந்து எங்கள் வீட்டில் வளர்ந்ததால் அதற்கு இரண்டு மொழி தெரியும். ‘உட்காரு’ என்றாலும் உட்காரும், ‘டுடோக்’ என்றாலும் உட்காரும். ‘வீட்டுக்குப் போ’ என்றாலும் போகும், ‘பாலேக்’ என்றாலும் போகும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது வராது.

வேலிக்கு வெளியே மட்டும் அது கால் வைக்காது. குட்டியாக இருந்தபோது ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தில் வால் நசுங்கிய நாளிலிருந்து ரோடு என்றால் பயம். நான் பள்ளிக்குப் புறப்பட்டால் வாழைமரத்தடி வரை வரும். அங்கே நின்று, கோணிப்போன வாலை ஆட்டும். மதியம் திரும்பி வரும்போது அதே இடத்தில் நிற்கும். நடுவில் அது எங்கேயாவது போய் வந்ததா, அங்கேயே நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோப்பியை வெறுத்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் வேலை. சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வெளியே போகமாட்டார். செங் ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருக்குப் பெண் பார்த்து, பரிசம் போட ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்காக ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்தும், பித்தளைப் பூட்டு வைத்த தோல் பெல்ட்டும் வாங்கி வந்தார். பெல்ட்டை ஆணியில் மாட்டினார். சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

சப்பாத்தைக் கோப்பி தின்னவில்லை. அதன்மேல் தலை வைத்துத் தூங்கியது, அவ்வளவுதான். தூங்குவதற்கு முன்னால் இடது சப்பாத்தின் நாக்கைக் கொஞ்சம் மென்று பதப்படுத்தியிருந்தது.

மாமா விளக்குமாற்றை எடுத்தார். மூலைக்குள் மாட்டிக்கொண்ட கோப்பிக்கு ஓட வழியில்லை. இரண்டு அடி வாங்கியது. மூன்றாவது அடிக்கு மாமாவின் கெண்டைக்காலைக் கவ்வியது. ஒரு கணம்தான். விட்டுவிட்டு, தான் செய்தது தனக்கே நம்பமுடியாததுபோல் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

“கடிச்சிருச்சி! அக்கா, கடிச்சிருச்சி!”

அம்மா ஓடிவந்தாள். காலில் இரண்டு சின்ன ஓட்டைகள். ஆனால் அவற்றைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். அந்த மாதங்களில் ஊரெல்லாம் வெறிநாய்ப் பேச்சு. துப்பாக்கியும் வண்டியுமாக ஆட்கள் தெருத்தெருவாக வந்து, கழுத்தில் தகடு இல்லாத நாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வளர்க்கும் நாய்க்கு ஒரு தகரத் தகடு கொடுப்பார்கள். ரோட்டுக்கே போகாத நாய்க்கு எதற்குத் தகடு என்று அப்பா வாங்காமல் விட்டிருந்தார். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் பெட்டிக்குள் கையை விட்டுக் கோப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். நாய்க்கு வெறி பிடித்தால் நாயைச் சுடுவார்கள், அதோடு காரியம் முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். கடிபட்ட மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் என் காதுபடப் பேசியதில்லை. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் அம்மா கண்ணால் என்னைக் காட்டுவாள். பேச்சு நின்றுவிடும்.

“ஆஸ்பத்திரிக்குப் போடா தம்பி. இப்பவே போ,” என்றாள் அம்மா.

மாமா ஆணியிலிருந்த புது பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பலகையெல்லாம் இருக்கும், வாசிக்க ஆள் வேண்டும். அந்தப் பெருமையில் நான் சடையைக்கூடப் பின்னாமல் மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ரோட்டு முனையில் துப்பாக்கி ஆட்கள் நின்றார்கள். காக்கிச் சட்டை போட்ட, பேசாத ஒரு பெரியவர். அவர் கையில்தான் துப்பாக்கி. அவரோடு வளையக் கயிறு பிடித்த ஒரு தமிழாள். மாமா பெச்சாவை நிறுத்தச் சொன்னார்.

“அண்ணே, எங்க வீட்டுல ஒரு வெறிநாய் இருக்கு. பாருங்க, என் கால! கம்போங் செட்டியில, கோயில தாண்டி, வேலியோரம் வாழமரம் நிக்கும். போயி ஒரே போடா போட்ருங்க.”

“கோப்பி வெறிநாய் இல்ல!” என்று கத்தினேன். “மாமாதான் அடிச்சாரு!”

கயிற்றுக்காரர் சிரித்தார். “ஒன்னோட நாயா பாப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பினார். நான் இறங்கி ஓடப் பார்த்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெச்சா முன்னால் போனது. வண்டி பின்னால், எங்கள் வீட்டுப் பக்கம் போனது.

ஆஸ்பத்திரிப் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நான் தமிழ்ப்பள்ளிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள என் கௌரவம் இடம் தரவில்லை. “எந்தப் பக்கம்?” என்று மாமா கேட்டதும் கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினேன். நொண்டி நொண்டி அங்கே போன மாமாவை, பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்த வார்டிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி விரட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸர் ஒருவர் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். போட்டிருந்த பழைய சப்பாத்தை எனக்குக் காவலுக்கு வைத்துவிட்டு மாமா போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் வெடிச்சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வீடு எவ்வளவு தூரம், இங்கே கேட்காது என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து டிரஸரின் குரல் விட்டுவிட்டு வந்தது. “நாய் எங்க?... உசுரோட இருக்கா?... தம்பி, என்ன காரியம் பண்ணிட்டு வந்தீங்க!”

அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. மாமா வெளியே ஓடிவந்தார். காலில் பாதி கட்டிய துணி வாலாகத் தொங்கியது. சப்பாத்தைக்கூட வாங்கவில்லை. “ஓடியா! ஓடியா!” என்று வாசலுக்குப் பாய்ந்தார். சப்பாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் ஓடினேன். பெச்சாக்காரச் சீனப் பெரியவர் நிழலில் உறங்கிக்கொண்டிருந்தார். அவரை உலுக்கி எழுப்பி, “செப்பாட்! செப்பாட்!” என்று வழியெல்லாம் மாமா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். வேகமாகப் போனால் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. மெதுவாகப் போனால் மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

வாழைமரம் கண்ணில் பட்டபோது, வழியெல்லாம் நாய் தேடிவிட்டு அப்போதுதான் வந்த வண்டி வேலியோரம் நின்றிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியிருந்தார். அம்மா வாசற்படியில் உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். கோப்பி, வந்தவர்கள் யாரென்று பார்க்க, வாலை ஆட்டிக்கொண்டே வாழைமரத்தடிக்கு வந்துகொண்டிருந்தது.

பெச்சா நிற்கும் முன்பே மாமா குதித்தார். விழுந்தார். எழுந்து ஓடி, கோப்பியின் மேலேயே குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார்.

“சுடாதீங்க! என்ன வேணா சுடுங்க, நாய சுடாதீங்க!”

கோப்பி அவர் காதை நக்கியது.

“நீங்கதானண்ணே வந்து சொன்னீங்க?” என்றார் கயிற்றுக்காரர்.

“சொன்னேன். இப்ப வேணாங்கறேன். டிரஸர் சொல்லிட்டாரு. பத்து நாளு கட்டிவெச்சிப் பாக்கணுமாம்.”

“இவனுக்கே வெறி புடிச்சிருச்சா?” என்று அம்மா முணுமுணுத்தாள்.

காக்கிச் சட்டைக்காரர் துப்பாக்கியை இறக்கினார். கட்டிவைக்கக் கழுத்துப்பட்டை எங்கே என்று சைகையால் கேட்டார். எங்களிடம் ஏது? மாமா எழுந்து, இடுப்பிலிருந்த புது பெல்ட்டை உருவினார். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைக் கோப்பியின் கழுத்தில் சுற்றினார். நீளம் அதிகம். கத்தி முனையால் புதிதாக ஓர் ஓட்டை போட்டார்கள். கயிற்றுக்காரர் வண்டியிலிருந்து ஒரு தகரத் தகட்டை எடுத்து, கம்பியால் பெல்ட்டில் முறுக்கிக் கட்டினார். “இது கழுத்துல இருக்கற வரைக்கும் யாரும் கைவெக்க மாட்டாங்க,” என்றார்.

நான் மாமாவின் சப்பாத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். என்ன வேணா சுடுங்க, நாய சுடாதீங்க! அப்படி ஒரு மாமா யாருக்கு இருக்கிறார்? மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன். ஆசிரியையிடமும் சொன்னேன்.

அன்றிலிருந்து மாமா கடைக்குப் போகவில்லை. நாயைத் தொட்ட கையோடு துணியைத் தொடவேண்டாம், எல்லாம் முடிந்ததும் மண் போட்டுக் கழுவிக்கொண்டு வா என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். மாமா ஒரு முக்காலியைப் போட்டுக் கோப்பிக்கு எதிரே உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை அங்கேதான். அதற்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிட்டார். மீன் குழம்பு, முட்டை, கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஆட்டுக்கறி. தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி மாற்றினார். கோப்பி தண்ணீரை நக்கும்போது அவர் தொண்டை ஏறி இறங்கும். “குடி ராசா, இன்னும் கொஞ்சம் குடி,” என்பார். மடியில் வைத்துப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிறவர்கள்கூட அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

பீபி ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலே தலையை நீட்டுவார். “இடோப் லாகி?” இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அர்த்தம்.

“இடோப், பீபி, இடோப்,” என்பார் மாமா.

அம்மா மாமாவுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்தாள். எனக்கு அது கோப்பி எச்சில்பட்டதால் என்று தோன்றியது. அப்பா வேலைவிட்டு வந்ததும் முதலில் கோப்பியைப் பார்ப்பார், பிறகு மாமாவைப் பார்ப்பார். பெண் வீட்டாரிடமிருந்து யாரோ வந்தபோது, மாமாவுக்குக் காலில் சுளுக்கு என்றாள் அம்மா. அவர்கள் முன்னால் மாமா வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். அவர்கள் போன பிறகு முகத்தைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நாட்கள் பாதிக்குமேல் கழிந்த பிறகு ஒரு மதியம் நல்ல மழை. பள்ளியிலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். வாழைமரத்தடியில் கோப்பி இல்லை. கட்டிவைத்த பிறகு அது அங்கே நிற்பதில்லை. பெட்டிப் பக்கம் போனேன். கோப்பி பக்கவாட்டில் படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாயோரம் நூலாக எச்சில் ஒழுகியது. தட்டில் சோறு அப்படியே இருந்தது. தண்ணீரும் அப்படியே இருந்தது.

மாமா முக்காலியில் இல்லை. மழையில் குந்தியிருந்தார்.

“பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போக்கா,” என்றார். அது அவருடைய குரலாகவே இல்லை.

அம்மா என்னை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மாமா சமையற்கட்டு வாசலுக்கு வந்து, “அக்கா, தண்ணி குடு,” என்றார். அம்மா அவருடைய தனிக் குவளையில் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. குவளைக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். மழைத்துளி அவர் மூக்கு நுனியிலிருந்து குவளைக்குள் விழுந்தது. அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பிறகு மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். “இன்னும்,” என்றார். குடித்தார். “இன்னும்.” குவளை குவளையாகக் குடித்தார். மனிதருக்கு என்ன தாகம் என்று நினைத்தேன்.

அப்போது பெட்டிப் பக்கம் ஒரு விநோதமான சத்தம். கோப்பி எழுந்து நின்று, முதுகை வளைத்து, உடம்பெல்லாம் குலுங்க, இரண்டு நாள் ஆட்டுக்கறியையும் ஒரு முழு எலும்பையும் கக்கிப் போட்டது. கக்கிவிட்டு, தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்துச் சளப் சளப்பென்று குடிக்கத் தொடங்கியது.

வேலிக்கு மேலிருந்து பீபி கைகொட்டிச் சிரித்தார். “கெஞாங்!” வயிறு நிரம்பிவிட்டது என்றார். பிறகு எங்களுக்காகத் தேடிப் பிடித்து ஒரு தமிழ்ச் சொல்லும் சேர்த்தார். “அதிகம்! அதிகம்!”

மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கோப்பி போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. ஒரு கை தயங்கித் தயங்கி வந்து அதன் நெற்றியில் உட்கார்ந்தது. மழையில் என் எழுத்து கரைந்து பெட்டியில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் மறுபடியும் எழுதினேன்.

அதற்குப் பிறகு மாமா அதனோடு பேசத் தொடங்கினார். முன்பெல்லாம் ‘குடி’, ‘சாப்பிடு’ என்ற இரண்டு சொற்கள்தான். இப்போது கடைக்கதை, முதலாளி கதை எல்லாம் வந்தது. உண்ணி பொறுக்கிக்கொண்டே பேசினார். ஒருநாள் நான் பின்னால் நிற்பது தெரியாமல், “அந்தப் பொண்ணுக்கு என்னைப் புடிச்சிருக்குமாடா? ஒரு வார்த்த பேசலியே,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பி கொட்டாவி விட்டது. “ஒனக்கென்ன தெரியும்,” என்று அதன் காதைத் திருகினார். பரிசத்துக்கு வாங்கிய சப்பாத்தில் நாக்கு போன அந்த இடது சப்பாத்தைத் தலையணையாக அதற்கே கொடுத்துவிட்டார். பழைய ஜோடி இன்னும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் டிரஸரே சைக்கிளில் வந்தார். தூரத்தில் நின்று கோப்பியைப் பார்த்தார். அது தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார். மாமாவின் காலைப் பார்த்தார். “போங்க தம்பி, போயி கல்யாணம் பண்ணிக்குங்க. இனிமே இந்த நாயி இருந்தாலும் செத்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது,” என்றார்.

அம்மா அவருக்குச் சேமியாப் பாயசம் கொடுத்தாள். நான் கோப்பிக்குப் பொட்டு வைத்தேன். மாமா பெல்ட்டை அவிழ்த்தார். கோப்பி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் மாமாவை இடித்துவிட்டுப் போனது.

சாயங்காலம் அப்பாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். “மச்சானுக்கு நாய்மேல அப்படி ஒரு பாசம் வந்துருச்சி,” என்று அப்பா கேலி செய்தார்.

மாமா உரக்கச் சிரித்தார். “பாசமா? நல்ல கதைதான் மச்சான்! நாய்க்கா நான் கறியும் முட்டையும் போட்டேன்? என் வயித்துக்குல்ல போட்டேன்! அது செத்திருந்தா என் வயித்துல ஊசி ஊசியா குத்தியிருப்பான். அதுவும் பலிக்கலன்னா தண்ணியப் பாத்தாலே பயந்து, நானும் கொரைச்சிக்கிட்டே போயிருப்பேன். அத காப்பாத்தல, என்னக் காப்பாத்திக்கிட்டேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவோரம் பாயசக் குவளையோடு நின்றேன். என்ன வேணா சுடுங்க என்று கத்தியது, மழையில் குந்தியிருந்தது, குவளைக்குள் பார்த்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரண்டு, அடிப்பக்கத்தைக் காட்டின. பள்ளிக்கூடம் முழுக்க நான் சொல்லிவைத்த கதை பொய்யாகிவிட்டது. அன்று இரவு மாமா என்னைக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு ஒரு மனிதரைப் படிக்கத் தெரியாமல் போய்விட்டதே என்ற ஆத்திரம்.

மறுநாள் காலை மாமா கடைக்குப் புறப்பட்டார். பெல்ட்டை மண் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவைத்திருந்தார். கட்டும்போதுதான் தகடு அதிலேயே இருப்பதைப் பார்த்தார். கம்பி முறுக்கிக் கிடந்தது. பிரிக்க நேரமில்லை. சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டார்.

“நல்லதாப் போச்சி,” என்றாள் அம்மா. “லைசென்ஸ் கிடைச்சிருச்சி. இனி ஒன்ன யாரும் சுடமாட்டாங்கடா தம்பி.”

மாமாவே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே வழி. வழக்கமாகப் பக்கத்தில் நடப்பேன். அன்று அவரை முன்னால் விட்டு, சிலேட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நன்றாகப் பின்தங்கி நடந்தேன்.

வாழைமரத்தடியில் கோப்பி நிற்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஆத்திரம் அதன்மேலும் கொஞ்சம் இருந்தது. கோயிலைத் தாண்டும்போது ஏதோ என் பாவாடையை உரசிக்கொண்டு முன்னால் ஓடியது. கோப்பி. ரோட்டில் ஒருநாளும் கால் வைக்காத கோப்பி. நெற்றியில் நான் வைத்த பொட்டோடு, என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், மாமாவுக்குப் பின்னால் ஓடியது.

“கோப்பி!” என்றேன். காது மட்டும் திரும்பியது.

மாமா திரும்பிப் பார்த்தார். “ஏய், வீட்டுக்குப் போ!” அது அவர் முன்னால் உட்கார்ந்தது. “பாலேக்! பாலேக்!” வாலால் தரையைப் பெருக்கியது. இரண்டு மொழியும் அன்று அதற்கு மறந்துவிட்டது. காலைத் தரையில் உதைத்து விரட்டினார். பதுங்கி, மறுபடி வந்தது. ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அதன்மேல் படாமல் தள்ளி விழும்படிதான் எறிந்தார். கோப்பி ஓடிப்போய் அந்தக் கல்லை வாயில் கவ்விக்கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது.

மாமா குனிந்து அதைத் தொட்டார். “வம்பு பண்ணாதடா. சாயங்காலம் வந்துருவேன்டா,” என்றார். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

பிறகு நிமிர்ந்தார். ரோட்டு முனையில் வண்டி திரும்பியது. காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் தெரிந்தன.

மாமா கோப்பியைப் பிடிக்கப் பாய்ந்தார். விளையாட்டு என்று நினைத்து அது தள்ளி ஓடியது. மறுபடி பாய்ந்தார். ரோட்டின் நடுவுக்கு ஓடியது. மாமா சட்டையைத் தூக்கினார், பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அவசரத்தில் பூட்டு சிக்கிக்கொண்டது.

“இருக்கு! தகடு இருக்கு! இங்க இருக்கு! என்கிட்ட இருக்கு!”

ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, உருவிய பெல்ட்டை மறு கையில் தூக்கிச் சுழற்றியபடி ஓடினார். தகடு வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னியது. காக்கிச் சட்டைக்காரர் நாயின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் நான் இத்தனை நாள் பயந்த அளவுக்குப் பெரியதாக இல்லை.

கயிற்றுக்காரர்தான் முதலில் மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். பெல்ட்டைப் பார்த்தார், கோப்பியைப் பார்த்தார். “கழுத்துல இல்லியேண்ணே,” என்றார். “கழுத்துல இருந்தாதானண்ணே தெரியும்.”

மாமா சலவைச் சட்டையோடு நடுரோட்டில், கோப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை அதன் கழுத்தில் சுற்றி, அந்தப் புது ஓட்டையைத் தேடிப் பூட்டினார். தகடு முன்பக்கம் வரும்படி திருப்பிவிட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். பெரியவர்கள் அழுவதுபோல் இல்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள், முதல் நாள் அம்மாவை விட்டு வரும்போது அழுவார்களே, அப்படி.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் கண்ணிலும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்காவது காரணம் இருந்தது, அது என் நாய். இவருக்கு என்ன? பத்து நாளும் முடிந்துவிட்டது. டிரஸரே வந்து சொல்லிவிட்டார். ஊசி இல்லை. ஒன்றும் இல்லை. டிரஸர் சொன்னதை மறந்துவிட்டாரோ? படிக்காத மனிதர், மறந்திருப்பார். நான்தான் விளக்கிச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நேற்றைய கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் தோளில் கையை வைத்தேன்.

“பயப்படாதீங்க மாமா,” என்றேன். “ஒங்களுக்கு இனி ஒண்ணும் ஆவாது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.